கேட்டில் தொங்கும் பால் பை

எங்கள் தெருவுக்குப் பால்காரத் தம்பி காலை ஐந்தே காலுக்கு வருவான். ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் ஒரு துணிப்பை தொங்கும். எந்த வீட்டுக்கு ஆவின் பச்சை, எந்த வீட்டுக்கு நீலம், யாருக்கு ஒன்று, யாருக்கு இரண்டு என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பையில் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவான். ஆறரை மணிக்குள் எல்லாப் பையும் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆறே முக்காலுக்கு ஒரு பை கேட்டிலேயே தொங்கினால், எதிர்வீட்டு மைனி வாசல் தெளித்த வாளியை அப்படியே வைத்துவிட்டு அந்த வீட்டு வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்துவிடுவார்.

அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்னத் தெரு இது. 22 வீடுகள். அதில் 13 வீடுகளில் அறுபதைத் தாண்டியவர்கள் மட்டும்தான் இருக்கிறோம். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, திருப்பூர், துபாய் என்று போய்விட்டார்கள். என் வீட்டில் நான் மட்டும். தபால் துறையில் 37 வருஷம் வேலை பார்த்து 2019-இல் சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றேன். வேலையில் இருந்த நாளிலிருந்தே எனக்குப் பெயர் போஸ்ட்டம்மா. இன்றைக்கும் அதுதான்.

சென்னையில் இருக்கும் மகள் போன வாரம், "நாள் பூரா என்னம்மா செய்றீங்க?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் கார்த்திகை முதல் வாரத்தை அப்படியே எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அந்த வாரத்தில் ஒரு சம்பவமும் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதியே திங்கட்கிழமையாக வந்தது. சோமவாரம். முந்தின நாளே மைனியிடம் சொல்லிவைத்தேன், "நாளைக்கு ஆத்துக்குப் போறேன், பை ஏழு மணி வரைக்கும் தொங்கும், பயந்துராதீங்க." இது எங்கள் தெரு வழக்கம். ஊருக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போவோம். விடிகாலையில் ஆற்றுக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவோம்.

தாமிரபரணிப் படித்துறையில் தண்ணீர் செம்மண் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே மலையில் மழை. ஐந்து படி இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு படியோடு நின்று, செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டேன். வயசானவர்கள் ஆற்றில் குளிப்பதில் ஒரு கணக்கு உண்டு. பாபநாசம் அணை எவ்வளவு நிறைந்திருக்கிறது, எவ்வளவு திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் ஐப்பசி, கார்த்திகையில் கால் வைக்கக் கூடாது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். 2023 டிசம்பரில் மறுபடியும் பார்த்தோம். அதனால்தான் இந்த ஊரில் ஓய்வுபெற்ற ஆண்கள் பேப்பரைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம். முழுக்க நிறைந்தால் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த மூன்று எண்ணும் இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டீக்கடை பெஞ்சில் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார்வாள் ஒருவர் தினமும் சத்தமாக வாசிப்பார். பிசானப் பருவ நெல்லுக்கு நடவு நடக்கும் நேரம். அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் வயல் கிடையாது. ஆனால் அணையில் இரண்டு அடி ஏறினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குளித்துவிட்டு ஆற்றங்கரையிலேயே இருக்கும் காசிபநாதர் கோயிலுக்குப் போனேன். அந்தச் சுவாமிக்கு எரித்தாட்கொண்டார் என்றும் ஒரு பெயர் உண்டு. ஊரில் சொல்லும் கதை இது. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தன் பொன்னை இந்தக் கோயில் அர்ச்சகரிடம் கொடுத்துவைத்துவிட்டு, அகத்தியரைத் தேடிப் பொதிகைக்குப் போனார். திரும்பி வந்து கேட்டபோது அர்ச்சகர் பொன்னே வாங்கவில்லை என்று சுவாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தார். சுவாமி அவரை எரித்து ஆட்கொண்டார். மீண்டு வந்த பொன்னில் வெட்டியதுதான் அக்கரையில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓடும் கன்னடியன் கால்வாய். இன்றைக்கும் அந்தத் தண்ணீரில்தான் வயல் விளைகிறது.

சின்ன வயதில் இதைச் சாமி கதையாகக் கேட்டேன். கவுன்டரில் உட்கார்ந்த பிறகு இது எனக்கு வேறு கதையாகிவிட்டது. ஒருவர் நம்பிக் கொடுத்துவைத்த காசு. அவ்வளவுதான். ஆர்.டி. என்னும் மாதச் சேமிப்புக்குக் கட்ட ஐம்பது ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு வரும் பெண்கள் அந்தக் கவுன்டரில் என் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஒவ்வொரு சோமவாரமும் அந்தச் சன்னதியில் நிற்கும்போது என் கணக்கு சரியாக இருந்தது என்று நினைத்துக்கொள்வேன். ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்தும் அந்த நினைப்பு எனக்கு வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஆச்சி வந்தார்.

தெருக்கோடியில் இருக்கும் அவருக்கு 78 வயசு. தெருவில் எல்லோருக்கும் அவர் ஆச்சிதான். பதினாலு வயசில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தவர். இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுற்றி, நுனியைக் குச்சியால் மடக்கி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. நாற்பது வருஷத்துக்கு மேல். அம்பை, முக்கூடல், ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு இந்தத் தட்டு இருந்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்தத் தட்டுதான். கடைசியில் பி.எஃப். ஓய்வூதியமாக அவருக்கு வருவது மாதம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் என்று நிர்ணயித்த தொகை. பதினோரு வருஷமாக அதே ஆயிரம். அரிசி விலை, மாத்திரை விலை எல்லாம் ஏறிய பிறகும் அது ஏறவில்லை. அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆயிரம் நிற்காமல் வர வேண்டுமானால் வருஷத்துக்கு ஒரு முறை, உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும். ஆச்சி போன நவம்பரில் கொடுத்தது. பி.எஃப். காரர்களுக்குக் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும், எந்த மாதத்திலும் கொடுக்கலாம். என்னைப் போன்ற மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர்தான், எண்பது முடிந்தவர்களுக்கு அக்டோபரிலேயே. போன வருஷம் ஆச்சியை ஒரு சேவை மையத்தில் நாலு முறை விரல் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கருவி ஏற்கவேயில்லை. "ரேகை இல்ல பாட்டி, அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் அலைந்துதான் வேலை முடிந்தது. இந்த வருஷம் அந்தப் பயத்திலேயே என்னிடம் வந்தார்.

"போஸ்ட்டம்மா, கை பதியாட்டா ரூவா நின்னுருமா?"

அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனித் தோல் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. ரேகை இருந்த இடத்தில் ஒரு மங்கல். லட்சக்கணக்கான பீடிகளில் அது தேய்ந்துபோய்விட்டது. இப்போது பீடி சுற்றுவதில்லை, ஆனாலும் அந்த இரண்டு விரலும் சும்மா இருக்கும்போது ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். அவருக்கே தெரியாது.

"கையே வேண்டாம் ஆச்சி. மூஞ்சி போதும்" என்றேன்.

இது நிறைய பேருக்குத் தெரியவில்லை என்பதால் விவரமாகச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற செயலியையும் ஜீவன் பிரமாண் செயலியையும் இறக்கிக்கொள்ள வேண்டும். முதலில் போன் வைத்திருப்பவர் தன் ஆதாரையும் முகத்தையும் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். அதை ஒரு முறை செய்தால் போதும். பிறகு ஓய்வூதியரின் ஆதார் எண், மொபைல் எண், வரும் ஓ.டி.பி., பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண். கடைசியில் முகத்தைப் படம் பிடிக்கும். விரல் ரேகை தேவையில்லை. வீட்டிலேயே முடிந்துவிடும், செலவும் கிடையாது. போன் இல்லாதவர்கள், பழகாதவர்கள் தபால்காரரிடம் சொன்னால் அவர் வீட்டுக்கே வந்து செய்துகொடுப்பார்.

ஆச்சியைத் திண்ணையில் வெளிச்சம் விழும் பக்கமாக உட்கார வைத்தேன். கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்று போன் கேட்கும். உயிருள்ள ஆள்தான், போட்டோ இல்லை என்று அதற்குத் தெரிய வேண்டும். ஆச்சி ஸ்டூடியோவில் படம் எடுக்க உட்கார்ந்த மாதிரி முதுகை நிமிர்த்தி, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, இமைக்காமல் பார்த்தார். "சிமிட்டுங்க ஆச்சி" என்றால் தலையை ஆட்டினார். இரண்டு முறை தோற்றது. மூன்றாவது முறை பேரனைப் பக்கத்தில் நிறுத்தி, "நான் தலையாட்டும்போது கை தட்டு" என்றேன். அவன் பட்டென்று தட்டினான், ஆச்சி சிமிட்டினார், திரையில் பச்சை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பிரமாண் ஐடி என்ற சான்றிதழ் எண்ணோடு குறுஞ்செய்தி.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது ஆச்சி. இன்னும் ஒரு வருசத்துக்கு நீங்க இருக்கீங்கன்னு கவர்ன்மென்ட்டுக்குத் தெரியும்."

அந்த எண்ணை அவர் பி.எஃப். புத்தக அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மாலையில் ஒரு சின்னத் தூக்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இந்த நவம்பரில் அவர் எனக்கு ஒன்பதாவது ஆள். என்னுடையதை மூன்றாம் தேதியே முடித்துவிட்டேன்.

புதன்கிழமையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கும் பெண் வந்து மைனிக்குச் சர்க்கரை மாத்திரையும், பிரஷர் பார்த்து எழுதிய அட்டையும் கொடுத்துவிட்டுப் போனது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். எங்கள் தெருவுக்கு வந்த நல்ல காரியங்களில் ஒன்று என்று நான் எங்கேயும் சொல்வேன். மாத்திரைக்காகப் பாதி நாள் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். மத்தியானம் தூங்கினேன். சாயந்திரம் கிளை நூலகத்தில் ஒரு மணி நேரம். இரவு தோசை.

வியாழக்கிழமை ஆறே முக்காலுக்கு மைனி என் கேட்டைத் தட்டினார்.

"அக்கா, மில் அண்ணாச்சி வீட்டுப் பை தொங்குது."

மில் அண்ணாச்சி எங்கள் வரிசையில் நாலாவது வீடு. 72 வயசு. விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் என்று நாங்கள் சொல்லும் பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தவர். ஆற்றுத் தண்ணீரின் வேகத்தை நம்பி 1880-களில் வெள்ளைக்காரர் தொடங்கிய மில் அது. அண்ணாச்சிக்கு உடம்பு முழுக்க ஷிப்ட் கணக்கு. மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. மகன் திருப்பூரில். காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்குப் பையை எடுத்து, ஆறு மணிக்குப் பேப்பரோடு திண்ணையில் இருப்பார். ஒரு நாளும் மாறியதில்லை.

பை தொங்கியது. கூடவே பேப்பரும் படியில் சுருட்டிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஒரு பிடி பிடித்தது. கூப்பிட்டோம், பதில் இல்லை. போன் உள்ளே அடிப்பது வெளியே கேட்டது. வாசல் கதவு உள்தாழ்ப்பாள். பின்கதவும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பையன் காம்பவுண்டுச் சுவரில் ஏறி மொட்டை மாடிக்குப் போய், மாடிக் கதவை உலுக்கித் திறந்து, இறங்கி வந்து வாசலைத் திறந்தான். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த பையன். கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளினால் இரண்டு விரல் அளவு நகர்ந்தது, அதற்கு மேல் போகவில்லை. உள்பக்கமாகத் திறக்கும் கதவு. அண்ணாச்சியின் கால் அதில் முட்டுக்கொடுத்த மாதிரி கிடந்தது.

"அண்ணாச்சி, கேக்குதா? போஸ்ட்டம்மா பேசுதேன்."

கொஞ்சம் கழித்து மெல்லக் குரல் வந்தது. "கேக்கும்மா. வழுக்கிட்டு."

"தலையில அடி இருக்கா?"

"தலைக்கு ஒண்ணுமில்ல. கைதான் அசைக்க முடியல." பிறகு ஒரு மூச்சு. "பால் வெளிய தொங்குதா? எடுத்து ஃபிரிட்ஜுல வச்சிருங்கம்மா, திரிஞ்சிரும்."

மைனி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். நல்லவேளையாக அது பி.வி.சி. கதவு. அடுத்த தெரு ஆசாரி வந்து கீழ்ப்பலகையை அறுத்து எடுத்தார். அந்த வழியாகப் பையன் ஊர்ந்து போய் அண்ணாச்சியின் காலை மெதுவாக நகர்த்தினான். 108-க்குப் போன் பண்ணியிருந்தோம், அதற்குள் வண்டியும் வந்துவிட்டது. நாலே முக்காலுக்கு விழுந்திருக்கிறார். எடுத்தபோது ஏழேகால். இரண்டரை மணி நேரம் ஈரத் தரையில். மணிக்கட்டில் எலும்பு முறிவு, தொடையில் கன்னிப்போன அடி. இடுப்பு எலும்பு தப்பியது. டாக்டர் அதைத்தான் இரண்டு முறை சொன்னார். இந்த வயசில் இடுப்பு உடைந்தால் எழுந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகன் ராத்திரி பஸ்ஸைப் பிடித்துத் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தது. "அப்பா, போதும், எங்களோட வந்துருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தார். மகன் வெளியே வந்து என்னிடம், "நீங்களாவது சொல்லுங்க பெரியம்மா" என்றான்.

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சின்ன ஊர்தான் நல்லது என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வராது. 2021-இல் என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு வலி வந்தது. பத்து நிமிஷத்தில் தெருவே என் வாசலில் நின்றது. ஒருத்தர் கார் எடுத்தார், ஒருத்தர் பணத்தை என் கையில் திணித்தார், மைனி செருப்பில்லாமல் காரில் ஏறிவிட்டார். ஆனால் இதயத்துக்குப் பார்க்கும் டாக்டர் இருப்பது திருநெல்வேலியில். 35 கிலோமீட்டருக்கு மேல். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு ஊர்ப் பெயர்ப்பலகையாக நான் எண்ணிக்கொண்டு வந்தேன். பத்தமடை தாண்டியதும் என் மடியில் அவர் கை கனத்துவிட்டது. அந்தக் கனம் எனக்குத் தெரியும். மனுஷர்கள் எவ்வளவு ஓடி வந்தாலும் தூரம் தூரம்தான். அம்பையில் இருப்பது என்றால் அந்தத் தூரத்தோடு சேர்ந்து இருப்பது.

அதற்கப்புறம் மகள் வீட்டில் நாலு மாதம் இருந்தேன். அவள் குறை வைக்கவில்லை. மாப்பிள்ளை தங்கமானவர். அவர்கள் இரண்டு பேரும் எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவார்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் எனக்கு ஏதாவது ஆனால் யாருக்கும் தெரியாது. அங்கே பால் வாங்குவதும் அவர்கள்தான். நான் இருக்கிறேன் என்பதற்கு அந்தக் கட்டடத்தில் ஒரு அடையாளமும் இல்லை. இதை மகளிடம் சொன்னால் வருத்தப்படுவாள் என்று இதுவரை சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

அண்ணாச்சியின் மகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "கை சரியாகட்டும் தம்பி. அதுவரைக்கும் கூட்டிட்டுப் போ. பொங்கலுக்கு அப்புறம் அவரே முடிவு பண்ணட்டும். வீட்டைக் காலி பண்ணாதே" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலையிலேயே இட்லிக்குப் போட்டேன். எங்களுக்கு இட்லி என்றால் அம்பை 16 அரிசிதான். 1937-இல் தொடங்கிய எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம், நம் ஊர் பெயரையே தாங்கிய அரிசி. டீக்கடை சார்வாள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஒரு பாத்திரம் மாவு எனக்கு, ஒன்று மைனிக்கு, ஒரு சின்ன டப்பா ஆச்சிக்கு.

மத்தியானம் அண்ணாச்சி வீடு திரும்பினார். கையில் கட்டு. மகன் ஒரு பிளாஸ்டிக் பையை என் முன்னால் வைத்து, "அப்பா இதை உங்ககிட்ட காட்டச் சொன்னாங்க" என்றான். பாஸ்புக்குகள். பிரித்துப் பார்த்தேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒரு கணக்கு. வாரிசுதாரர் என்ற இடத்தில் மூன்று வருஷம் முன்னால் இறந்துபோன மனைவியின் பெயர் அப்படியே இருந்தது. ஏப்ரலிலிருந்து வட்டியும் எடுக்கவில்லை. இந்தத் திட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கொடுப்பார்கள். 8.2 சதவீதம், நல்ல வட்டி. ஆனால் எடுக்காமல் விட்ட வட்டிக்கு மேற்கொண்டு வட்டி கிடையாது. சும்மா கிடக்கும். அதைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டால் தானாகப் போய்விழும், அங்கே அதற்கும் கொஞ்சம் வட்டி கிடைக்கும்.

கவுன்டரில் நான் மிகவும் வேதனைப்பட்டது இந்த வாரிசுதாரர் விஷயத்தில்தான். கணவர் பெயரில் மனைவி, மனைவி பெயரில் கணவர் என்று போட்டுவிடுவோம். ஒருவர் போனதும் மற்றவர் அதை மாற்றுவதில்லை. அந்தப் பெயரை அடிக்க மனசு வராது. நானும் என் பாஸ்புக்கில் அவர் பெயரை அடிக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். ஆனால் மாற்றாவிட்டால் நம் காசுக்காகப் பிள்ளைகள் ஒவ்வொரு ஆபீசாக அலைய வேண்டும். ஒரு படிவம், பாஸ்புக், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. அண்ணாச்சிக்கு வலது கை கட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை மகனோடு போய், கையெழுத்துக்குப் பதில் இடது கட்டைவிரல் ரேகை வைத்துக் கொடுக்கலாம், சாட்சிக்கு நான் வருகிறேன் என்று சொன்னேன்.

ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பெண்கள் டவுன் பஸ்ஸில் பாபநாசம் போவோம். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கோயில் வாசல் ஆற்றில் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, படிக்கட்டில் ஜனங்கள் கழற்றி விட்டுப்போன துணிகளைக் கம்பால் இழுத்துக் கரையில் குவித்துவிட்டு வருவோம். பாவம் போக வேண்டும் என்று துணியை ஆற்றில் விடுகிறார்கள். குடிக்கிற தண்ணீரில் அழுக்கை விட்டால் எந்தப் பாவம் போகும் என்று எனக்குப் புரியவேயில்லை. இந்த ஞாயிறு மழையால் போகவில்லை.

அதற்குப் பதில் ஆசாரி வந்தார். அண்ணாச்சி வீட்டுக் குளியலறைக்குக் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்தார். உள்ளே தாழ்ப்பாள் வேண்டாம், ஒரு சின்னக் கொக்கி போதும், வெளியிலிருந்து பலகையைச் செருகினால் தூக்கிவிடலாம். சுவரில் பிடிக்க ஒரு கம்பி. அப்படியே என் வீட்டுக்கும் செய்துவிடச் சொன்னேன். அதைப் பார்த்து மைனியும், அவரைப் பார்த்து டீக்கடை சார்வாளும் சொல்லிவிட்டார்கள். ஆசாரிக்கு இந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில்தான் வேலை.

சாயந்திரம் மழை விட்டதும் மைனி வீட்டுக்குப் போனேன். இடுப்பிலிருந்து வாசல் சாவியின் இன்னொரு பிரதியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். நாலு வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார். யாரிடமும் சாவி கொடுக்க எனக்கு மனசு வந்ததில்லை. என் வீட்டுக்காரரும் நானும் இருந்த வீடு, வேறு யாரும் திறந்து வரக் கூடாது என்று ஒரு பிடிவாதம். "இனிமே ராத்திரி உள்தாழ்ப்பாள் போட மாட்டேன், பூட்டு மட்டுந்தான்" என்றேன்.

மைனி எதுவும் கேட்கவில்லை. தன் வீட்டுச் சாவி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். என் சாவியில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டி, தினசரி காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். அந்த ஆணியில் ஏற்கெனவே இரண்டு சாவிகள் தொங்கின. ஒன்று ஆச்சி வீட்டுடையது. இன்னொன்றை அண்ணாச்சியின் மகன் மத்தியானமே கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.